பாடம் இலவசம்தான், துணைக்கு நாம் வேணும்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்குக் கடன் வசூல் பற்றியும் வங்கி இணைப்பு பற்றியும் பேசி முடித்தாச்சு. மீதி இருக்கிற நேரத்தில் நம்ம பெண் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசுவோம். அதிலும் ஒரே ஒரு பாடம், கணக்கு. கணக்கிலும் ஒரே ஒரு பகுதி. அதற்குத் தமிழில் நுண்கணிதம் என்று பெயர். இங்கிலீஷில் கால்குலஸ் என்று சொல்லுவாங்க.

"களை எடுக்கப் போகிற எனக்கு இது எதுக்கு?" என்று சில அக்காமார் முகத்தைப் பார்த்தாலே தெரியுது. காரணம் இருக்கு, சொல்கிறோம்.

நம்ம கரிசல் பக்கம் ஒரு பிள்ளை 10-ம் வகுப்பு பாஸ் ஆனதும் என்ன நடக்குது? 11-ல் எந்த குரூப் எடுக்கிறது என்று கேள்வி வருது. "கணக்கு குரூப் கஷ்டம், உனக்கு வராது" என்று வீட்டிலும் சொல்கிறோம், பக்கத்து வீட்டிலும் சொல்லுறாங்க, கடைசியில் பிள்ளையும் அதையே சொல்லுது. அந்த ஒரு வார்த்தையோடு இன்ஜினியரிங் கதவு மூடிப் போகுது. கணக்கோ இயற்பியலோ எடுத்துப் பட்டம் வாங்குகிற வழியும் அடைபட்டுப் போகுது.

11, 12-ம் வகுப்புக் கணக்கில் பிள்ளைகள் பெரும்பாலும் பயப்படுகிறது இந்த நுண்கணிதத்துக்குத்தான். 2019-ல் வந்த 12-ம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் மொத்தம் 12 பாடம். அதில் 4 பாடம் இதுதான். தைரியமாக எடுத்துப் படித்து இன்ஜினியரிங் காலேஜுக்குப் போன பிள்ளைக்கும் முதல் வருஷமே மறுபடி இதே நுண்கணிதம், அதுவும் இங்கிலீஷில். தமிழ் வழியில் நல்ல மார்க் வாங்கின பிள்ளை அங்கே போய் அரியர் வைத்துவிட்டு, வீட்டில் சொல்ல முடியாமல் அழுகிறதை நாம் பார்க்கத்தான் செய்கிறோம்.

அதனால் முதலில் பயத்தைப் போக்குவோம்.

பாஸ்புக்கில் இருக்கிற கணக்கு

நம்ம சேமிப்புப் பாஸ்புக்கை எடுத்துக்கோங்க. அதில் ரெண்டு கட்டம் இருக்கு. ஒன்றில் இந்த வாரம் கட்டினது. இன்னொன்றில் மொத்த இருப்பு. ஒரு உறுப்பினர் முதல் வாரம் 50 ரூபாய் கட்டுறாங்க, ரெண்டாம் வாரம் 50, மூணாம் வாரம் 100, நாலாம் வாரம் கைமுடை, 20 ரூபாய். இருப்புக் கட்டத்தில் 50, 100, 200, 220 என்று வரும்.

வாரச் சேமிப்புக் கட்டம் மழையில் நனைந்து அழிந்து போச்சு என்று வைத்துக்கொள்வோம். கண்டுபிடிக்க முடியாதா? முடியும். இந்த வார இருப்பில் போன வார இருப்பைக் கழித்தால் வந்துவிடும். அதுவே இருப்புக் கட்டம் அழிந்து போனால்? வாரா வாரம் கட்டினதை வரிசையாகக் கூட்டினால் வந்துவிடும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகலாம், திரும்பியும் வரலாம்.

இவ்வளவுதான் நுண்கணிதத்தின் மூலக் கருத்து. கழித்துக் கழித்து மாற்றத்தின் வேகத்தைக் கண்டுபிடிக்கிறது வகையிடல். கூட்டிக் கூட்டி மொத்தத்தைக் கண்டுபிடிக்கிறது தொகையிடல். பாஸ்புக்கில் வாரத்துக்கு ஒரு தடவை எழுதுகிறோம். நுண்கணிதத்தில் அந்த வாரத்தை நாளாக்கி, நாளை நிமிஷமாக்கி, நிமிஷத்தை நொடியாக்கி, அதையும் சின்னதாக்கிக்கொண்டே போவாங்க. அதனால்தான் 'நுண்' கணிதம்.

ஐப்பசி மழையை நினைத்துப் பாருங்க. முதல் பத்து நிமிஷம் தூறல். அப்புறம் கொட்டு கொட்டுன்னு கொட்டுது. கடைசியில் சாரல். மேட்டுக்காட்டில் வெட்டி வைத்த பண்ணைக்குட்டையில் தண்ணி ஏறுது. இந்த நொடியில் எவ்வளவு வேகமாக ஏறுது என்று கேட்டால் அது வகையிடல். மழை விட்டதும் மொத்தம் எவ்வளவு தண்ணி சேர்ந்தது என்று கேட்டால் அது தொகையிடல். மானாவாரியில் வயிறு கழுவுகிற நமக்கு இந்த ரெண்டு கேள்வியும் புதுசு இல்லை.

ஆட்டுப்பட்டிக் கணக்கு

இன்னொன்று சொல்கிறோம். ஆட்டுக் கடன் வாங்கின ஒரு அக்கா வீட்டுச் சுவரை ஒட்டிப் பட்டி அடைக்கிறாங்க. கையில் 100 அடி கம்பி வலை இருக்கு. ஒரு பக்கம் சுவர், மூணு பக்கம் வலை. எப்படி அடைத்தால் இடம் அதிகம் கிடைக்கும்?

ரெண்டு பக்கமும் 10 அடி வைத்தால் நீளம் 80 அடி. இடம் 800 சதுர அடி. 20 அடி வைத்தால் நீளம் 60, இடம் 1,200. 30 அடி வைத்தால் நீளம் 40. மறுபடியும் அதே 1,200. நடுவில் 25 அடி வைத்தால் நீளம் 50, இடம் 1,250. 24 வைத்தாலும் 26 வைத்தாலும் 1,248தான். அதே வலை, அதே செலவு. 25-ல்தான் இடம் அதிகம்.

இப்படி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்காமல், ஏறி வந்தது எங்கே நிற்குது, எங்கே இறங்க ஆரம்பிக்குது என்று ரெண்டே வரியில் கண்டுபிடிக்கிற வழியைத்தான் பிள்ளைகள் 12-ம் வகுப்பில் படிக்குது. ஏறுவதும் இல்லாமல் இறங்குவதும் இல்லாமல் நிற்கிற அந்த இடத்தில் மாற்றத்தின் வேகம் பூஜ்யம். இதையே வைத்துத்தான் பாலத்துக்கு எவ்வளவு கம்பி, மருந்துக்கு எவ்வளவு அளவு, மோட்டாருக்கு எவ்வளவு கரண்ட் என்று இன்ஜினியர்களும் விஞ்ஞானிகளும் கணக்குப் போடுறாங்க.

இது வெள்ளைக்காரன் கணக்கு என்றும் ஒதுங்க வேண்டாம். இங்கிலாந்தில் நியூட்டனும் ஜெர்மனியில் லைப்னிட்ஸும் 17-ம் நூற்றாண்டில் இதை முழு வடிவத்துக்குக் கொண்டுவந்தாங்க. அதற்கு முன்பே, நமக்கு மேற்கே மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில், 14-ம் நூற்றாண்டில் பிறந்த சங்கமகிராமத்து மாதவன் என்பவர் முடிவில்லாமல் நீளும் கூட்டல்களை வைத்து வட்டத்தை அளந்தார். அவர் வழியில் வந்த ஜ்யேஷ்டதேவர் 16-ம் நூற்றாண்டில் 'யுக்திபாஷா' என்ற நூலில் இவற்றை விளக்கத்தோடு எழுதினார். எழுதினது சமஸ்கிருதத்தில் இல்லை, ஊர் மக்கள் பேசுகிற மலையாளத்தில். தாய்மொழியில் சொன்னால் கணக்கு புரியும் என்பதற்கு இது பழைய சாட்சி.

காசில்லாமல் பாடம்

சரி, பள்ளிக்கூடத்தில் புரியாத பிள்ளை எங்கே போகும்? டியூஷனுக்குக் கோவில்பட்டி வரணும். பஸ் செலவு, மாதச் சம்பளம், இருட்டினதுக்கு அப்புறம் வீடு திரும்புகிற கவலை. எட்டயபுரம், விளாத்திகுளம் தாண்டி உள்ளே இருக்கிற ஊர்களுக்கு அது நடக்கிற காரியம் இல்லை.

ஆனால் இப்போது பெரிய பெரிய பல்கலைக்கழகங்களின் வகுப்புகளே போனில் இலவசமாக வருது. அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற பெரிய பல்கலைக்கழகம், தன் பாடங்களை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கலாம் என்று 2001-ல் அறிவித்தது. கில்பர்ட் ஸ்ட்ராங் என்ற பேராசிரியர் அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே நுண்கணிதத்தைச் சுருக்கமாக, கரும்பலகையில் எழுதிச் சொல்லிக் கொடுத்த வீடியோக்கள் இருக்கு.

நம்ம நாட்டில் 2003-ல் ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து, மத்திய அரசு நிதியில் என்.பி.டி.இ.எல். என்ற திட்டத்தைத் தொடங்கினாங்க. சென்னை ஐ.ஐ.டி.க்கு அதில் முக்கியமான பங்கு. வகுப்பை வீடியோ எடுத்து யூடியூபில் போடுறாங்க. அங்கே பேராசிரியர் அரிந்தம சிங் அடிப்படை நுண்கணிதத்தைத் தொடக்கத்திலிருந்து நடத்தியிருக்கிறார். 2014 முதல் வாரா வாரம் பயிற்சி கொடுத்து, பரீட்சை வைத்து, சான்றிதழும் தருகிறாங்க. படிக்கக் காசு கிடையாது, பரீட்சை எழுதிச் சான்றிதழ் வேணும் என்றால்தான் கட்டணம். சில பாடங்களுக்குத் தமிழ் எழுத்து வடிவமும் போட்டிருக்காங்க.

நெட் இல்லாத வீட்டுக்கு டி.வி. இருக்கு. தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019-ல் தொடங்கியது. அதில் பள்ளிப் பாடம் தமிழிலேயே வரும். 11, 12-ம் வகுப்புப் புத்தகங்களையும் இலவசமாகப் போனில் இறக்கிக்கொள்ளலாம்.

அப்படியானால் எல்லாரும் படித்துவிட்டார்களா?

இங்கேதான் நாம் கவனிக்கணும், சகோதரிகளே. இலவசமாகக் கிடைத்தால் எல்லாரும் படித்துவிடுவாங்க என்றுதான் உலகமே நினைத்தது. நடந்தது வேறு.

2012-ல் எம்.ஐ.டி. மின்சுற்று பற்றி ஒரு பாடத்தை இணையத்தில் நடத்தியது. நுண்கணிதம் தெரிந்தால்தான் அந்தப் பாடம் ஓடும். சேர்ந்தவர்கள் ஏறக்குறைய 1,55,000 பேர். பாஸ் ஆனவர்கள் 7,000-த்துச் சொச்சம்தான். 2019-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் நடத்திய இப்படிப்பட்ட பாடங்களை ஆறு வருஷம் கவனித்துவிட்டு, கடைசி வருஷத்தில் 100 பேர் சேர்ந்தால் முடித்தது மூணு பேர்தான் என்று சொன்னது.

வாத்தியார் நல்லவர். பாடம் இலவசம். அப்புறம் ஏன் விட்டுப் போறாங்க? தனியாக இருக்கிறாங்க. புரியாத இடத்தில் கேட்க ஆள் இல்லை. இந்த வாரம் ஏன் வரவில்லை என்று கேட்கவும் ஆள் இல்லை.

அதே 2012 பாடத்தில் முழு மார்க் வாங்கின 340 பேரில் ஒருவன், மங்கோலியா நாட்டில் பாட்டுஷிக் என்ற 15 வயதுப் பள்ளிக்கூடப் பையன். எல்லாரும் அவன் மூளையைப் பாராட்டினாங்க. ஆனால் அவன் தனியாகப் படிக்கவில்லை. அவன் பள்ளித் தலைமை ஆசிரியர் அந்தப் பாடத்தைப் பள்ளிக்கே கொண்டுவந்தார். சுமார் 20 பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்து படித்தாங்க. செய்முறைக்கு வேண்டிய சாமான்களும், சொல்லிக் கொடுக்க ஆளும் ஏற்பாடு செய்தாங்க.

நம்ம ராமானுஜனையே எடுத்துக்கோங்க. 1903-ல், கும்பகோணத்தில், 15 வயதில் கார் என்பவர் எழுதின ஒரு கணக்குப் புத்தகம் அவர் கைக்கு வந்தது. ஆயிரக்கணக்கான சூத்திரங்கள் உள்ள புத்தகம், அதில் நுண்கணிதமும் உண்டு. யாரும் சொல்லித் தராமல் அதைத் தானே போட்டுப் பார்த்தார். ஆனால் மற்றப் பாடங்களில் தவறி, உதவித்தொகை போச்சு, காலேஜ் படிப்பும் போச்சு. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலைக்குச் சேர்ந்தார். அங்கே கணக்குத் தெரிந்த மேலதிகாரி நாராயண ஐயர் துணை நின்றார். 1913-ல் இங்கிலாந்தில் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார், 1914-ல் கப்பல் ஏறினார். அவ்வளவு பெரிய மேதைக்கே புத்தகம் மட்டும் போதவில்லை, தாங்கிப் பிடிக்க மனுஷர் வேண்டியிருந்தது. அப்படியிருக்க, நம்ம பிள்ளையிடம் போனைக் கொடுத்துவிட்டு "எல்லாம் அதில் இருக்கு, படி" என்று சொன்னால் போதுமா?

குழு என்றால் என்ன என்று நமக்குத் தெரியும்

உலகத்துப் பெரிய பல்கலைக்கழகங்களால் கொடுக்க முடியாத ஒன்று நம்மிடம் இருக்கு. 1989-ல் தருமபுரியில் முதல் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கினபோது, "கையெழுத்துப் போடத் தெரியாத பொம்பளைங்க கடனைத் திருப்பிக் கட்டுவாங்களா?" என்று கேட்டவங்க நிறையப் பேர். எப்படிக் கட்டினோம்? வாரம் ஒரு நாள், ஒரே நேரம், ஒரே இடம். வருகைப் பதிவு. வராதவங்க வீட்டுக்குப் போய்க் கேட்கிறது. கஷ்டம் வந்தால் ஒருத்தருக்கு ஒருத்தர் கைகொடுக்கிறது. அந்த ஒழுங்குதான் நம்மைக் கரை சேர்த்தது.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டப் படித்தாங்க. ஒருத்தி தனியாக ஓட்டினால் ஊர் சிரிக்கும். நூறு பேர் சேர்ந்து ஓட்டினால் ஊர் வழிவிடும். கணக்கும் அப்படித்தான்.

நம்மில் எத்தனை பேர் சின்ன வயசில் விடியும் முன்னே வேனில் ஏறித் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனோம்? குச்சி அடுக்கினோம், பெட்டி ஒட்டினோம், லேபிள் ஒட்டினோம். எத்தனை பெட்டி ஒட்டினோம், எவ்வளவு கூலி என்று மனசுக்குள்ளேயே சரியாகக் கணக்குப் போட்டோம். நமக்குக் கணக்கு வராமல் இல்லை, பள்ளிக்கூடத்தில் உட்காரத்தான் நேரம் கிடைக்கவில்லை. நம்ம பிள்ளைக்கு அந்த நேரத்தையாவது கொடுப்போம்.

என்ன செய்யலாம்?

ஒன்று: ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்தில் கணக்கு எடுங்க. யார் வீட்டில் 11, 12-ம் வகுப்பு, அல்லது காலேஜ் முதல் வருஷம் கணக்குப் படிக்கிற பெண் பிள்ளை இருக்கு? ஊரில் மூணு பேர் இருந்தாலும் போதும், அது ஒரு படிப்புக் குழு.

ரெண்டு: வாரம் ரெண்டு நாள், ஒரு மணி நேரம். இடம் யாராவது ஒருத்தர் வீட்டுத் திண்ணை, இல்லாவிட்டால் நம்ம கூட்டம் நடக்கிற கட்டடம். நாலு பேர் நடமாடுகிற இடமாக இருக்கட்டும். "பொண்ணு கையில் போன் கொடுத்தால் கெட்டுப் போகும்" என்று பயப்படுகிற அம்மாக்களுக்கும் இதுதான் பதில். மூணு பிள்ளைகள் ஒரு போனை நடுவில் வைத்துப் பார்க்கும்போது அங்கே பாடம்தான் ஓடும். தம்பிக்கு மட்டும் போன், அக்காவுக்கு விளக்குமாறு என்ற வழக்கத்தையும் அந்த ஒரு மணி நேரமாவது நிறுத்தி வைப்போம்.

மூணு: வீடியோவை சினிமா மாதிரிப் பார்க்கக் கூடாது. பத்து நிமிஷம் பார்த்ததும் நிறுத்தணும், நோட்டை எடுத்து அதே கணக்கைப் பார்க்காமல் போடணும். இங்கிலீஷ் வேகமாகப் போனால் வேகத்தைக் குறைத்து வைக்கலாம், கீழே எழுத்து ஓடுகிற மாதிரியும் வைக்கலாம். முதலில் தமிழ்ப் புத்தகத்தில் அந்தப் பாடத்தைப் படித்துவிட்டு, அப்புறம் இங்கிலீஷ் வீடியோ பார்த்தால் வார்த்தைகள் பிடிபடும். புரியாததைத் தனியாகக் குறித்து வைத்து, மறுநாள் பள்ளிக்கூட ஆசிரியரிடம் கேட்கணும். வீடியோ வாத்தியாருக்குத் துணைதான், அவருக்கு மாற்று இல்லை.

நாலு: எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கும் இதில் வேலை உண்டு. "இன்னைக்கு என்ன படிச்ச, எனக்குச் சொல்லு" என்று கேளுங்க. பாஸ்புக்கை வைத்து, பண்ணைக்குட்டையை வைத்து உங்களுக்குப் புரிகிற மாதிரி பிள்ளை சொல்லிவிட்டால், அதற்குப் பாடம் புரிந்துவிட்டது என்று அர்த்தம். தடுமாறினால் திட்டாதீங்க, இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுங்க.

அஞ்சு: ஒரு எச்சரிக்கை. ஆயிரக்கணக்கில் பணம் கட்டு, தவணையில் கட்டலாம், பிள்ளை முதல் மார்க் வாங்கும் என்று சொல்லிப் போன் வழியாகப் பாடம் விற்கிறவங்க வருவாங்க. கையெழுத்துப் போடுமுன் குழுவில் வந்து கேளுங்க. இலவசமாகக் கிடைக்கிற பாடத்துக்கு வட்டிக்கு வாங்க வேண்டாம்.

இதற்கு மேல் வழி எங்கே போகுது?

சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தரவு அறிவியல் படிப்பை இணைய வழியில் தொடங்கியது. அதற்கு ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வு வேண்டாம். நாலு வாரம் பாடம் நடத்தி, அதில் பரீட்சை வைத்து, பாஸ் ஆகிறவங்களைச் சேர்க்கிறாங்க. குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. உள்ளே போனால் கணக்கு கண்டிப்பாக இருக்கும், நுண்கணிதமும் இருக்கும். அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் என்ற புதுமைப் பெண் திட்டம் 2022-ல் வந்தது. அது பற்றிக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க. கதவு பல இருக்கு. கணக்கைக் கண்டு பயந்து 11-ம் வகுப்பிலேயே திரும்பிவிட்டால் ஒரு கதவும் திறக்காது.

எல்லாப் பிள்ளையும் கணக்கு குரூப் எடுக்கணும் என்று நாங்கள் சொல்லவில்லை. பிடித்த பிள்ளை, பயத்தினால் மட்டும் விட்டுவிடக் கூடாது என்றுதான் சொல்கிறோம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் தீர்மானப் புத்தகத்தில் மூணு வரி எழுதி வாங்க: எங்கள் குழுவில் இத்தனை பிள்ளைகள், படிக்கிற இடம் இது, படிக்கிற நாள் இது. சேமிப்பு எழுதுகிற மாதிரியே பிள்ளைகள் வந்த நாளையும் எழுதுவோம். வாரம் 50 ரூபாயாகச் சேர்த்து ஆடு வாங்கினோம், மாடு வாங்கினோம், தையல் மிஷின் வாங்கினோம். இந்தப் படிப்பையும் அப்படியே வாரா வாரம் சேர்ப்போம்.